அளவு ஜாக்கெட்

“கழுத்து ஏத்தி வைக்கணுமாம், கை முட்டி வரைக்கும் வரணுமாம். அச்சு அசலா இதே மாதிரிதான் வேணுமாம் அக்கா” என்று அரக்குச் சிவப்பு ஜாக்கெட்டை நீட்டினாள் வினோதா, கல்யாணப் பெண். “அவரோட அக்கா கல்யாணத்துக்குப் போட்டதாம்.”

ஹட்டனில் தையல் கடை வைத்திருக்கும் கிருஷாந்தி அதை வாங்கித் தடவிப் பார்த்தாள். “நல்ல தையல்” என்றாள்.

வினோதாவின் போன் அடித்தது. நோர்வூட்டில் பஸ் ஏறியதிலிருந்து ஐந்தாவது வீடியோ கால்.

“எங்க நிக்கிற? கடையச் சுத்திக் காட்டு” என்றான் மாப்பிள்ளை விஜிதரன். காட்டினாள். அந்த நேரம் பார்த்துத்தானா கிருஷாந்திக்கு ஊசி விழுந்து தொலைய வேண்டும்! அவன் வைக்கும்வரை மேசைக்கு அடியிலேயே தேடிக்கொண்டிருந்தாள்.

“அவருக்கு எம்மேல அம்புட்டு உசிரு!” வினோதாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

கிருஷாந்தி ஜாக்கெட்டை அவள் தோளில் வைத்து அளவு பார்த்தாள். “எனக்கும் ஒருத்தர் இருந்தாரும்மா. தேயிலைக் கொழுந்து நிறுக்குற எடத்துல மழையில நனைஞ்சுக்கிட்டே காத்து நிப்பாரு. மத்த பொண்ணுங்களுக்கெல்லாம் வயிறு எரியும். அந்த நாள நெனச்சா இப்பவும் இனிக்குது. கல்யாண ஜாக்கெட்ட நானேதான் தச்சேன். கடைசியில நூல் தீந்துபோச்சு. வெளிய பேய் மழை, கடைக்கும் போக முடியல. வீட்டுல கெடந்த பச்சை நூலப் போட்டு அக்குள முடிச்சேன். அன்னிக்கு என்னா சிரிப்பு!”

“அப்புறம்?”

“கூட்டாளிங்க வேணாம்னாரு. அம்மா வீடு வேணாம்னாரு. தையலும் வேணாம்னாரு. யாருகிட்டயாவது பேசிட்டா மூணு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு. நான்தான் கால்ல விழணும்.”

“அடிப்பாரா?”

“ஒரு நாளும் கை நீட்டல. அதனாலதான் அது கொடுமைன்னு புரியவே ஏழு வருஷமாச்சு. புரிஞ்சதும் கட்டுன துணியோட வெளியேறிட்டேன்.”

வினோதாவுக்குச் சுருக்கென்றது. “எங்காளு அப்படியில்லக்கா. பாசத்துல கேக்குறாரு. நீங்க தச்சுக் குடுங்க.”

கிருஷாந்தி மல்லுக்கு நிற்கவில்லை. ஜாக்கெட்டை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். “உள்பக்கம் பொரட்டிப் பாரு. அதுக்கப்புறமும் தைக்கச் சொன்னா, நாளைக்கே தச்சுத் தாறேன்.”

போன் மறுபடியும் அடித்தது. வினோதா ஜாக்கெட்டைப் புரட்டினாள்.

அக்குளில் மட்டும் பச்சை நூல்.