அணில் துண்டு

மகள் சங்கவியைப் புதைத்தபோது, எங்கள் வழக்கப்படி அவள் விளையாடிய பலாமரப் படத்தைத் துண்டு துண்டாகச் சேர்க்கும் பஸிலையும் குழிக்குள் வைத்தோம். அதிலிருந்த அணில் துண்டை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அவள் நினைவாக ஆண்டுதோறும் அதே படத்தைச் சேலத்தில் லேசரில் மரப்பலகையில் வெட்டி வாங்கி, வளப்பூர் பால்வாடிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் எந்தப் பெட்டியிலும் அணில் இருக்காது.

“ஒரே பலகையில வெட்டறதுங்க. அணிலு ஓடியா போயிரும்?” என்று சிரிப்பார் கடைக்காரர்.

“நம்ம புள்ள அந்தத் துண்டத் தேடுதுங்க. அவகிட்டயே குடுத்துருங்க,” என்றாள் மனைவி சுகுணா.

“குடுத்துட்டா அப்புறம் வரமாட்டாளே,” என்றேன்.

போன தையில் குழிமேட்டைத் தோண்டி அந்தத் துண்டைப் புதைத்தேன்.

இந்த ஆண்டு எல்லாப் பெட்டியிலும் அணில் இருக்கிறது. ஒன்றிலாவது குறையாதா என்று இருவரும் மறுபடி மறுபடி பிரித்துப் பார்க்கிறோம்.