வுப்பே வீட்டுத் தளக்கல்

"இன்னும் பதினாறு கல்லு. மணி மூணரை," என்றான் யோரிட்.

சீட்ஸ்கே கரும்பலகையைப் பார்த்தாள். அவர்களுடைய லிண்டன் தெரு 791. காற்றாலைத் தெரு 806.

"பதினாறுதானே? எடுத்துடலாம்," என்றாள் புருஷனிடம்.

நெதர்லாந்தில், குரோனிங்கன் நகரத்துப் பக்கத்தில் அந்தச் சின்ன ஊரில் வருஷத்துக்கு ஒருநாள் இந்தப் போட்டி. வீட்டு முன்வாசலில் பதித்திருக்கும் தளக்கற்களைப் பெயர்த்துவிட்டுச் செடி வைக்க வேண்டும். மண் தெரிந்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். வெயில் காலத்தில் தெரு கொதிக்காது. நான்கு மணிக்கு எந்தத் தெருவின் கணக்கு பெரிதோ, அந்தத் தெருவுக்கு நகராட்சி மரம் நட்டு, மழைநீர் வாங்கும் பள்ளமும் வெட்டித் தரும். தோற்ற தெரு இன்னொரு வருஷம் காத்திருக்கலாம்.

சீட்ஸ்கேயால் காத்திருக்க முடியாது. போன ஆகஸ்ட் மழையில் அவள் வீட்டுக் கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். சோபா மிதந்தது. அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள். வீடு வீடாக ஏறி இறங்கி, முடியாது என்றவர்களையும் விடாமல் பிடித்து, இன்று தெருவையே கடப்பாரையோடு வாசலுக்குக் கொண்டுவந்தவள் அவள்தான்.

"இன்னும் யார் வீட்டுல கல்லு இருக்கு?"

"எல்லாம் தீந்துபோச்சு. அவரு வீடு மட்டும்தான்."

அவர் என்றால் எதிர்வீட்டு வுப்பே. நாற்பது வருஷம் ஊர் ஊராகக் கல் பதித்துவிட்டு ஓய்வு பெற்றவர். அவர் வாசலில் அறுபது கல். ஒன்றுகூட அசையவில்லை. காலையிலிருந்து சமையலறை நாற்காலி ஒன்றை நடுவாசலில் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூறல் போட்டபோதும் எழுந்திருக்கவில்லை.

"என்ன ஐயா, கல்லு முட்டை போட்டிருக்கா? அடைகாக்குறீங்க?" என்று பக்கத்து வீட்டு ஃபெம்கே கேட்டுப் பார்த்தாள். அவர் காலை இன்னும் கொஞ்சம் அகட்டி உட்கார்ந்தார்.

ஏன் என்று தெருவுக்கே தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவருடைய கல் வண்டி தெருவை அடைக்கிறது என்று நகராட்சிக்கு எழுதிப் போட்டவள் சீட்ஸ்கே. அன்றோடு பேச்சு நின்றது. பதினோரு வருஷம் ஒரு பகையைக் கெட்டுப்போகாமல் வைத்திருப்பது லேசான காரியமில்லை. வுப்பே வைத்திருந்தார்.

சீட்ஸ்கே கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

"ஐயா, என்மேல இருக்கிற கோவத்தைத் தெரு மேல காட்டாதீங்க."

அவர் வானத்தைப் பார்த்தார்.

"பதினாறு கல்லு போதும். மிச்சத்தை நீங்களே வச்சுக் கொண்டாடுங்க."

அவர் மேகத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

"சரி, அன்னைக்கு நான் எழுதினது தப்பு. மன்னிச்சிடுங்க. போதுமா?"

அவர் அடுத்த மேகத்துக்குப் போனார்.

"நாற்காலியோட தூக்கி ஓரமா வச்சிடலாமா?" என்றாள் ஃபெம்கே பின்னாலிருந்து. நாலு பேர் சிரித்தார்கள்.

சீட்ஸ்கே சிரிக்கவில்லை. குனிந்து, நாற்காலிக்குப் பக்கத்துக் கல்லின் இடுக்கில் கடப்பாரை நுனியைச் செருகினாள்.

வுப்பேயின் பூட்ஸ் கால் கடப்பாரை மேல் வந்து அழுந்தியது.

"எடுங்க அதை."

பதினோரு வருஷத்தில் அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

"எதுக்கு எடுக்கணும்?"

"குனிஞ்சுதானே இருக்கீங்க. அப்படியே காதை வைங்க."

எரிச்சலோடுதான் வைத்தாள். கல்லுக்கு அடியில், கொதிக்கப் போகிற கெட்டிலைப் போல ஒரு முனகல். அவள் முகத்தை எடுப்பதற்குள் இடுக்கிலிருந்து ஒரு தேனீ வந்தது. உடம்பெல்லாம் ரோமம், மஞ்சள் பட்டை, கட்டைவிரல் நுனி பருமன். வுப்பேயின் இரண்டு பூட்ஸுக்கும் நடுவே பறந்து, தெருவில் புதிதாக வைத்த பூச்செடிகள் பக்கம் போனது. பின்னாலேயே இன்னொன்று.

"ஏப்ரல்ல குடிவந்தாங்க," என்றார் வுப்பே. "செப்டம்பர்ல காலி பண்ணிடுவாங்க. அப்புறம் அறுபதையும் நானே பேத்துத் தர்றேன். அதுவரைக்கும் கடப்பாரை இங்க வேண்டாம்."

சிரித்த நாலு பேரும் சத்தமில்லாமல் கிட்டே வந்து பார்த்தார்கள். ஃபெம்கே தன் கடப்பாரையை மெதுவாகப் புல்லில் படுக்க வைத்தாள்.

"இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே?" என்றாள் சீட்ஸ்கே.

"உங்ககூடப் பேசுறதில்லைன்னு இருந்தேன்."

சீட்ஸ்கே கடப்பாரையை உருவிக்கொண்டாள். உருவிய இடத்தில் உதிர்ந்திருந்த மண்ணை விரலால் ஓரமாக ஒதுக்கினாள்.

"மணி மூணே முக்கால்," என்றான் யோரிட். "விடு சீட்ஸ்கே. அடுத்த வருஷம் பாத்துக்கலாம். தெருவுல வேற கல்லு ஏது?"

"இல்லைன்னு யாரு சொன்னது?"

கேட்டவர் வுப்பே. கட்டிய கையை அவிழ்க்காமல், எதிர்வீட்டைத் தாடையால் காட்டினார்.

"இங்க குடியிருக்காங்க. உங்க கார் நிக்குதே, அந்தக் கல்லுக்கு அடியில யாரு குடியிருக்கா?"

சீட்ஸ்கே திரும்பினாள். அவள் வீட்டு வாசலில் பாதி செடி. மறுபாதியில், முப்பது கல்லின் மேல் கார். காலையிலிருந்து கடப்பாரையோடு அதைத் தாண்டி இருபது தடவையாவது போய்வந்திருப்பாள்.

"யோரிட், கார் சாவி எங்க?"