நாலு நாள் காயம்

“இது உங்க கைவேலைதானே?” என்று கேட்டு, வக்கீல் படத்தை என்னிடம் நீட்டினார்.

சாட்சிக் கூண்டில் நின்றபடி வாங்கிப் பார்த்தேன். ஒரு பெண்ணின் கழுத்து. இடப்பக்கம் நாலு விரல் தடம், வலப்பக்கம் கட்டைவிரல்.

ஆமாம் என்று சொன்னால் போதும். நேற்று தன் அறையில் உட்கார வைத்து மூன்று முறை சொல்லிக்கொடுத்திருந்தார். அந்த ஒரு வார்த்தையில் ஒரு குடும்பம் பிழைத்துக்கொள்ளும் என்று உருகவும் செய்தார்.

ஆமாம் என்றால் அந்தப் பெண்ணின் வழக்கு அங்கேயே படுத்துவிடும். கணவன் கழுத்தை நெரித்தான் என்பதற்கு அவளிடம் இருக்கும் ஒரே ஆதாரம் இந்தப் படம். பார்த்தவர்கள் யாரும் இல்லை. ஆஸ்பத்திரிக்கும் அவள் போகவில்லை.

படம் எடுத்தது ஒரு துப்பறியும் தொடரின் படப்பிடிப்பில். அவள் அதில் பிணமாக நடித்தாள். நான் அங்கே ஒப்பனைக்காரி. அந்த வேலைக்கு அவளை அழைத்துப்போனதே நான்தான்.

இருபது வருடமாக எனக்கு இதுதான் பிழைப்பு. குத்து, வெட்டு, குண்டு பாய்ந்த ஓட்டை, தண்ணீரில் ஊறிய முகம், எதைக் கேட்டாலும் அரை மணி நேரத்தில் செய்து தருவேன். எங்கள் தொடரில் பரிசோதனைக்கூட அறிக்கை விளம்பர இடைவேளைக்குள் வந்துவிடும். துப்பறிபவர் பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்தாலே கொலைகாரனுக்கு வியர்த்துவிடும். அந்தக் கூத்தில் நம்பும்படி இருப்பது என் காயங்கள் மட்டும்தான். தற்பெருமை என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

அன்று காலை அவள் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள். துணியை எடுத்தேன். நான் வரைய வேண்டியது ஏற்கெனவே அங்கே இருந்தது.

அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது கேட்பேன் என்று காத்திருந்தாள். நான் பவுடர் டப்பாவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் வைக்க முடியாது.

முகத்தை மட்டும் வெளிற வைத்து அனுப்பினேன். மறுநாளும் காயம் மாறாமல் இருக்க வேண்டுமே என்று உதவி இயக்குநர் தேதி போட்டுப் படம் எடுத்து வைத்தார். இயக்குநர் வந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்தக் கழுத்துக்கு எனக்கு விருது கிடைத்தது. மேடையேறி வாங்கினேன். பல்லைக் காட்டிப் படமும் எடுத்துக்கொண்டேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

வக்கீல் அந்த விருதைப் பற்றித்தான் நீதிபதியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இவ்வளவு தத்ரூபமான ஒப்பனையைக் காட்டி ஓர் அப்பாவியின் வாழ்க்கையைக் கெடுக்கப் பார்க்கிறார்கள் என்று குரலைத் தழுதழுக்க வைத்தார். எங்கள் தொடரில் வக்கீலாக வருபவர்கூட இவ்வளவு நடிக்க மாட்டார்.

எதிர் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. என்னிடம் எதையும் எதிர்பார்ப்பதை அவள் எப்போதோ விட்டிருக்க வேண்டும். அதுதான் என்னைச் சுட்டது.

“இல்லைங்க. இதை நான் வரையல.”

வக்கீல் சிரித்தார். விருது வாங்கியது மறந்துவிட்டதா என்றார்.

மறக்கவில்லை, செய்யாத வேலைக்கு வாங்கினேன், திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாயைத் திறந்தாயிற்று. இனி யாருக்குப் பயப்பட வேண்டும்?

படத்தை நீதிபதி பக்கம் திருப்பினேன். கதைப்படி அந்தப் பெண் செத்து இரண்டு மணி நேரம்தான் ஆகிறது. நான் வரைந்திருந்தால் சிவப்பும் ஊதாவும்தான் வைத்திருப்பேன். இங்கே ஓரத்தில் பச்சை தட்டி மஞ்சளாக மங்குகிறது, பாருங்கள். நெரிபட்ட இடம் இந்த நிறத்துக்கு வர நாலு நாளாவது ஆகும். அதுவும் ஆள் உயிரோடு இருந்தால்தான். பிணத்துக்குக் காயம் ஆறாது. நேற்று தொழிலுக்கு வந்தவள்கூட அப்போதுதான் செத்தவளின் கழுத்தில் மஞ்சள் தீட்ட மாட்டாள். விருது கொடுத்தவர்களில் ஒருவருக்கும் இது கண்ணில் படவில்லை.

நீதிபதி வேறு கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். அரசு வக்கீல் அவசரமாக எதையோ எழுதினார்.

என்னை அழைத்துவந்த வக்கீலுக்கு முகம் சுண்டிவிட்டது. நீங்கள் என்ன டாக்டரா என்றார். இல்லை என்றேன். தடயவியல் படித்திருக்கிறீர்களா என்றார். பள்ளிக்கூடத்தையே முடிக்கவில்லை என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அது அவரை இன்னும் கிளப்பிவிட்டது. முதல் நாள் சிவப்பு, நாலாம் நாள் மஞ்சள் என்று இவ்வளவு துல்லியமாகப் பேசுகிறீர்களே, இதையெல்லாம் யார் கற்றுக்கொடுத்தது, உங்கள் இயக்குநரா என்று நக்கலாகக் கேட்டார்.

குற்றவாளிக் கூண்டில் நின்றவனை நான் அதுவரை பார்க்காமலேயே இருந்தேன். இப்போது பார்த்தேன்.

“இவனோட அப்பா” என்றேன்.

என் மகன் தலையைக் குனிந்துகொண்டான். இந்த முறை நான் குனியவில்லை.