காப்பிப் பழுப்பு

கனகவள்ளி தினமும் காலையில் கண்ணில் படுவதை வரைவாள். ஒரு நாள் முருங்கைக்காய், ஒரு நாள் எதிர்வீட்டு ஸ்கூட்டர் சீட்டில் தூங்கும் பூனை. எதை வரைந்தாலும் அதில் எங்கேயாவது லேசான பழுப்பு படிந்திருக்கும். பார்ப்பவர்கள் அதை அவளுடைய பாணி என்றார்கள். உண்மையில், தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல், தண்ணீர் டம்ளர் என்று நினைத்துப் பக்கத்திலிருக்கும் காப்பியில் தூரிகையை முக்கிவிடுவாள். "ஏ வள்ளி, அது காப்பிடி!" என்று அடுப்படியிலிருந்து கணவர் சபேசன் கத்துவார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே வேறு காப்பி போட்டுக் கொண்டுவருவார். மகளின் கல்யாணப் பேச்சில், "உங்களை யாரு கேட்டா?" என்று அவள் ஒரு வார்த்தை விட்டதிலிருந்து அவர் வாயைத் திறக்கவில்லை. காப்பி மட்டும் நேரத்துக்கு வந்தது. அதுவும் கைக்கு எட்டாத ஜன்னல் திண்டில், தட்டு போட்டு மூடி. படங்கள் கறையே இல்லாமல் சுத்தமாக வந்தன. அவளுக்கு ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. இன்று கத்தரிக்காய். காம்புவரை வரைந்துவிட்டு எழுந்துபோனாள். காப்பியை எடுத்துவந்து, தண்ணீர் டம்ளரை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் வைத்தாள். தட்டை எடுத்தாள். அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் நின்றது. ஊதா சொட்டும் தூரிகையைக் காப்பிக்கு நேர் மேலே பிடித்துக்கொண்டு, கத்தரிக்காயையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டு விழுந்தது. அடுப்படி வாசலில் சபேசன் தொண்டையைச் செருமினார். அவள் திரும்பாமல், தூரிகையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினாள்.