பத்தாம் நம்பர் ஸ்பேனர்

என் கணவர் ஹேமநாதனின் பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை. அதற்குள் அவருடைய காரைக் கொழுந்தன் தனபாலன் பக்கத்திலிருக்கும் தன் வீட்டுக்கு ஓட்டிப் போய்விட்டான். "அண்ணன் எனக்குத்தான் குடுக்கச் சொன்னாரு" என்று வாய் கூசாமல் சொன்னான். அந்தக் காரைத் துடைக்கக்கூட அவர் யாரையும் விட்டதில்லை.

சீக்கிரமே எஞ்சின் ஆயில் ஒழுக ஆரம்பித்தது. தனபாலன் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தான். ஆயில் வடிக்கும் போல்ட் தளர்ந்திருந்தது. வாஷரை மாற்றி இறுக்கினான். வேறு எங்காவது கசிகிறதா என்று தெரிந்துகொள்ள, அடிப்பாகத்தைத் துடைத்து முகப் பவுடரைத் தூவி வைத்தான்.

மறுநாள் போல்ட் மறுபடியும் தளர்ந்திருந்தது. பவுடரில் மூன்று விரல்களின் தடம் இருந்தது. என் கணவருக்கு வலது கையில் மூன்று விரல்கள்தான். மற்ற இரண்டும் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் போயின.

"அண்ணி, யாராச்சும் வந்து காரைத் தொட்டாங்களா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து கேட்டான்.

"யாரு வருவா தம்பி?" என்றேன்.

உள்ளே போய் அவருடைய ஸ்பேனர் பெட்டியைத் திறந்தேன். பதினேழாம் நம்பரில் ஆயிலும் பவுடரும் ஒட்டியிருந்தன. துடைத்து வைத்தேன்.

தனபாலன் புது போல்ட் போட்டான். இன்று காலை தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. "சரியாயிடுச்சு லா அண்ணி! யோங் பெங் வரைக்கும் ஹைவேல ஓட்டிப் பார்க்கப் போறேன்" என்று கத்தினான்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். பதினேழாம் நம்பர் காய்ந்து கிடந்தது. பத்தாம் நம்பர் நனைந்திருந்தது. அதை அவர் பிரேக் வேலைக்கு மட்டும்தான் எடுப்பார்.

"நல்லா வேகமா ஓட்டிப் பாருங்க தம்பி, அப்பதான் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே போய், அவன் வீட்டு கேட்டை நானே அகலத் திறந்துவிட்டேன்.