உளவாளிக்கு ஒரு ஸ்டார்

“இதெல்லாம் ஒரு கேமாடா?” கன்ட்ரோலரைப் பாயில் விட்டெறிந்தான் நெடுமாறன்.

மந்தாரக்குப்பத்தில் நண்பன் சக்கரபாணியின் வாடகை அறை. காலையிலிருந்து இருவரும் அந்த உளவாளி கேமைத் திட்டிக்கொண்டேதான் ஆடினார்கள்.

“துப்பாக்கி சுட்டா பொட்டு வெடி சத்தம்தான் கேக்குது,” என்றான் சக்கரபாணி.

“அத்த வுடு. எதிரியோட யூனிபார்ம மாட்டிக்கினு உள்ள போறான். ஒருத்தனும் மூஞ்சியப் பாக்கல, அப்படியே நம்பிடுறானுங்க. யார் காதுல பூ சுத்துறானுங்க?”

செல்போனை எடுத்து அந்தக் கேமுக்கு ஒரே ஒரு ஸ்டார் போட்டான். ‘கேணப்பயல்கூட இப்படி ஏமாற மாட்டான்’ என்று கீழே எழுதியும் வைத்தான்.

சுரங்கத்தில் முதல் ஷிப்ட் விடும் நேரமாகிவிட்டது. நெடுமாறன் எழுந்து காக்கிச் சட்டையை மாட்டி, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டான். பிறகு ஜன்னலோரம் இருந்த டப்பாவைத் திறந்து, நிலக்கரித் தூளை அள்ளிச் சட்டையிலும் கழுத்திலும் கைகளிலும் தேய்த்தான்.

“கான்ட்ராக்டர் வேலைய வுட்டு நிறுத்துனத இன்னும் வூட்டுல சொல்லலியாடா?”

நெடுமாறன் வெளியே போய் வண்டியைக் கிளப்பினான்.

வீட்டு வாசலில் மனைவி ஆதிலட்சுமி துண்டோடு நின்றாள்.

“சட்டையப் பாத்தாலே தெரியுதுங்க, இன்னிக்கு மைன்ஸ்ல வேலை ஜாஸ்தினு. வெந்நி வெச்சிருக்கேன், குளிச்சிட்டு வாங்க.”