வெளுத்த குதிரை

மொட்டைமாடியில் மாப்பிள்ளை குந்தியிருந்தார். எதிரே ஸ்டூலின் மேல் ஒரு பிளாஸ்டிக் குதிரை, பிற்பகல் வெயிலில். அதைத் திருப்பித் திருப்பி வைத்துக் குனிந்து பார்ப்பதும், வானத்தில் மேகம் வருகிறதா என்று நிமிர்ந்து பார்ப்பதுமாக இருந்தார்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. மஞ்சளடித்துப் போன பழைய பொம்மைகளை வெளுப்பதுதான் அவருடைய பொழுதுபோக்கு. முடி வெளுக்கிற கிரீமைத் தடவுவார், மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றுவார், வெயிலில் வைப்பார். பொழுது சாய்வதற்குள் பொம்மை நேற்றுதான் கடையில் வாங்கியதுபோல நிற்கும். வீட்டில் ஒரு அறை முழுக்க அப்படி வெளுத்த ரோபோக்களும் கார்களும்தான்.

காய்ந்த துணி எடுக்க மாமியார் மேலே வந்தார். மகள் வீட்டோடு இருப்பவர். பெற்ற மகளிடமே 'ஓட்டை வாய்' என்று பட்டம் வாங்கியவர். அவரைக் கண்டதும் மாப்பிள்ளை அவசரமாகத் துண்டை எடுத்துக் குதிரையின் மேல் போட்டார்.

"மூடாதீங்க, பார்த்துட்டேன். என் பொண்ணோட குதிரைதானே அது?"

"ஆமா அத்தை."

"அதைத் தொடவே கூடாதுன்னு அவ சொல்லியிருக்காளே!"

சாதாரணமாகவா சொல்லியிருந்தாள்? 'இந்த மஞ்சளுக்கும் எனக்கும் ஒரே வயசு. இது மேல ஒரு சொட்டு கிரீம் பட்டுச்சு, உங்க பொம்மை அத்தனையும் மறுநாளே பழைய பிளாஸ்டிக்காரன் வண்டியில இருக்கும்' என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள் வேறு. ஆபீஸ் வேலையாக வெளியூர் போனவள் இன்றைக்குத்தான் திரும்புகிறாள்.

"அவ இல்லாத நேரம் பார்த்துக் கை வச்சுட்டீங்களாக்கும்?"

"காதுல மட்டும்தான் அத்தை! சத்தியமா ஒரே ஒரு காதுல மட்டும்தான் தொட்டு வச்சேன்."

"அப்புறம்?"

"ஒரு காது மட்டும் வெள்ளையா இருந்தா நல்லாவா இருக்கும்? இன்னொரு காதுலயும் வச்சேன். காது ரெண்டும் வெளுத்ததும் மூஞ்சி அழுக்காத் தெரிஞ்சுது. மூஞ்சிக்கு அப்புறம் கழுத்து..."

"அப்படியே வால் வரைக்கும் போயிட்டீங்க."

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். மாமியார் துண்டை விலக்கிக் குதிரையைக் கையில் எடுத்தார்.

"சும்மா சொல்லக் கூடாது, பாலா வெளுத்திருக்கு. இன்னும் எதுக்கு இதை வெயில்ல வாட்டுறீங்க? போதும், உள்ளே கொண்டுபோங்க."

"ஐயோ அத்தை, வெளுக்கவா வச்சிருக்கேன்? திரும்ப மஞ்சளாகட்டும்னு வச்சிருக்கேன்!"

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை.

"கிரீமோட வச்சா வெளுக்கும், வெறுமனே வச்சா மஞ்சளாகும். ரெண்டுக்கும் அதே வெயில்தான். ஆனா மஞ்சளாக வருஷக்கணக்காகுமே!"

"அவ சாயங்காலம் வந்து நிப்பாளே."

"அதான் அத்தை எனக்கு அழுகையா வருது." உண்மையிலேயே அவர் கண் கலங்கியிருந்தது. பழைய சாமான் கடை கடையாக அலைந்து சேர்த்த பொம்மைகள். ஒவ்வொன்றையும் பெற்ற பிள்ளைபோலக் குளிப்பாட்டித் துடைத்து வைத்திருக்கிறார்.

"ஒண்ணுதான் அத்தை புரியலை. பிளாஸ்டிக் மஞ்சள்ங்கிறது உள்ளுக்குள்ள ஊறினது, லேசுல விடாது. இது என்னடான்னா, தடவித் துடைச்சதுமே துணியோட வந்துடுச்சு. துணி பூரா பழுப்பு! இத்தனை பொம்மை பார்த்திருக்கேன், இப்படி ஒண்ணைப் பார்த்ததே இல்லை."

மாமியார் குதிரையின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மனைவிதான். "ஸ்டேஷன்ல இறங்கிட்டேங்க. இன்னும் ஒரு மணி நேரத்துல வீட்டுல இருப்பேன்."

மாப்பிள்ளை போனை வைத்தார். "அத்தை, உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன். அவகிட்ட மட்டும் போட்டுக் கொடுத்துடாதீங்க."

"என் வாயைப் பத்தித்தான் ஊருக்கே தெரியுமே!" என்று சொல்லிவிட்டு, குதிரையோடு மாமியார் விறுவிறுவென்று படி இறங்கினார். தொலைந்தோம் என்று மாப்பிள்ளை பின்னாலேயே ஓடினார்.

சமையலறையில் பெரிய பாத்திரம் அடுப்பில் ஏறியிருந்தது. டீத்தூள் டப்பாவை மாமியார் அதில் அப்படியே கவிழ்த்தார். தண்ணீர் கருகருவென்று கொதித்தது. ஒரு கை உப்பை அள்ளிப் போட்டு அடுப்பை அணைத்தார்.

"என்ன அத்தை இது? இப்ப யாருக்கு டீ?"

"குதிரைக்கு."

"சூட்டுல கால் வளைஞ்சுடும் அத்தை!"

"ஆற விட்டுத்தான் முக்குவேன். எனக்குத் தெரியாதா?"

மாப்பிள்ளைக்கு அரை உயிர் திரும்பியது. ஆனாலும் கைதேர்ந்தவர் இல்லையா, மனசு கேட்கவில்லை. "என்ன இருந்தாலும் இது வெறும் சாயம் அத்தை. அவ பார்த்ததுமே கண்டுபிடிச்சுடுவா. அசல் மஞ்சள் மாதிரி வருமா?"

மாமியார் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவ ஹாஸ்டலுக்குப் போன வருஷமே அசல் குதிரையை நான் மிதிச்சு உடைச்சாச்சு, மாப்பிள்ளை!"